கல் தேய்க்க வாருங்கள்

(வடமாலபேட்டையில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல் அறுப்பதைப் பற்றிப் பேச வடமாலபேட்டையை விடப் பத்திரமான ஊர் கிடையாது. சுத்தியல் தவறி விரலில் விழுந்தாலும் எலும்புக்கட்டுக்குப் பேர் போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறேன்.

ஓய்வு நேரத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சாதாரணமான ஒரு கல்லை எடுத்து அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, மோதிரத்திலோ பதக்கத்திலோ பதித்துப் போட்டுக்கொள்கிற வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது பெரிய பொழுதுபோக்காகப் பரவியது. ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள். தனிப் பத்திரிகை நடத்தினார்கள். விடுமுறை நாளில் வண்டி கட்டிக்கொண்டு கல் பொறுக்கப் போனார்கள். நம் பக்கம் அப்படி ஒன்று வளரவில்லை. கல்லுக்கும் பஞ்சமில்லை, கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இங்கே கல் அறுப்பது வயிற்றுப்பாடு. வயிற்றுப்பாட்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கடைசியில் மறுபடியும் எடுப்பேன். உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கையில் ஒரு கல் வைத்திருப்பவனிடம் நம் ஆட்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள். "இது எந்த ராசிக்கு?" என்பது ஒன்று. "என்ன விலை போகும்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ராசி பார்க்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். விலை பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத் தொடக்கத்தில் அனந்தபுரம், கர்னூல் பக்கம் போகலாம். வஜ்ரகரூரிலும் ஜொன்னகிரியிலும் முதல் மழை மண்ணைக் கழுவியதும் ஊரே குனிந்து வைரம் தேடும். அபூர்வமாக ஒருவருக்குக் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு முதுகுவலி கிடைக்கிறது. நாம் குனிய வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய கல் காலடியிலேயே கிடக்கிறது.

இந்த வட்டாரத்து மலைகளைப் பாருங்கள். பக்கத்து நகரியின் பெயரையே ஒரு பாறை வகைக்கு வைத்திருக்கிறார்கள் புவியியலாளர்கள்: நகரி குவார்ட்சைட். பழங்காலக் கரையோர மணல் அமுங்கி, இறுகி, கண்ணாடித்தன்மை கொண்ட பாறையாக ஆனது அது. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் இதன் அடிப்பக்கம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. கீழே மிகப் பழைய கிரானைட், மேலே குவார்ட்சைட், இரண்டுக்கும் நடுவில் பல கோடி ஆண்டுகள் பதிவே இல்லாமல் விடுபட்டுப் போயிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தரிசனத்துக்குப் போகிற அவசரத்தில் பேருந்துக்குள் இருந்து நாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அப்புறம் வயலிலும் ஓடையிலும் வெள்ளை வெள்ளையாகக் கிடக்குமே, வெங்கச்சங்கல், அது குவார்ட்ஸ். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். இருட்டு அறையில் இரண்டு வெங்கச்சங்கல்லை அழுத்தி உரசினால் கல்லுக்குள்ளேயே மங்கலாக ஒரு வெளிச்சம் ஓடும், கருகிய வாடை வரும். இன்று ராத்திரி பிள்ளைகள் செய்து பார்க்கலாம். தண்ணீருக்கு அடியில் உரசினாலும் அந்த வெளிச்சம் வரும்.

இந்தக் கல் எவ்வளவு கடினம்? 1812இல் ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் மோஸ் கனிமங்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை ஒரு வரிசை போட்டார். 10 வைரம். 9 குருந்தம், அதாவது மாணிக்கமும் நீலமும். நம் வெங்கச்சங்கல் 7. கண்ணாடியும் பேனாக்கத்தியும் ஐந்தரை சுமார். வீட்டில் படிகிற தூசியில் குவார்ட்ஸ் துகள் எப்போதும் கலந்திருப்பதால், 7க்குக் கீழே உள்ள எந்தக் கல்லும் நாளடைவில் கீறல் விழுந்து மங்கும். மோதிரக் கல்லாக வைத்துக்கொள்ள 7 என்பது நல்ல எல்லை. ஆக ஓடையில் சும்மா கிடக்கிற கல் தகுதித் தேர்வில் தேறிவிட்ட கல்.

இங்கே கல்லை வேலை செய்தவர்களில் நாம் முதல் ஆட்கள் அல்ல. இந்த மலைகளுக்குத் தெற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்பாடு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியிட்டார்கள். கருவிகள் எந்தக் கல்லில் என்றால், இதே குவார்ட்சைட்டில். எங்கே தட்டினால் எப்படி உடையும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. உடைக்கத் தெரிந்த பிறகு தேய்க்கக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு வெகு காலம் பிடித்தது. தேய்த்த பிறகு துளை போட இன்னும் கொஞ்சம்.

துளை போடுவதுதான் மணிக்காரருக்கு உயிர் போகிற வேலை. ஹரப்பா காலத்து நீண்ட சூதுபவள மணிகளை அதே மாதிரிக் கல் துரப்பணத்தால் துளைத்துப் பார்த்தார் தொல்லியலாளர் ஜோனதன் மார்க் கெனோயர். ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் இறங்கியது. விரல் நீள மணி ஒன்றைத் துளைக்க நாள்கணக்கில் துரப்பணத்தைச் சுழற்றும் வில்லை இழுக்க வேண்டும். இருபக்கமிருந்தும் துளைத்துக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சில மணிகளில் இரண்டு துளையும் சற்றே விலகிச் சந்தித்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். பிற்காலத்தில் துரப்பண நுனியில் வைரச் சில்லு பதித்தார்கள், வேலை பல மடங்கு வேகமானது. குஜராத்தின் காம்பேயில் அந்த முறை நம் காலம் வரை நடந்தது.

தமிழ்நாட்டில் இதற்குச் சரியான ஊர் கொடுமணல். ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை. 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் அங்கே அகழ்ந்தார்கள். பதிற்றுப்பத்தில் நகைக்குப் பேர் போன ஊராக வரும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. பச்சைக்கல், நீலம், செவ்வந்திக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. முழு மணிகள் கிடைத்தது பெரிய செய்தியில்லை. மணி எங்கேயும் வந்து சேரும். பாதி செதுக்கியது, மெருகு ஏறாதது, துளை போடும்போது உடைந்தது, கழித்துப் போட்ட சில்லு என்று பட்டறைக் குப்பை கிடைத்ததே, அதுதான் செய்தி. வேலை அங்கேயே நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அருங்காட்சியகங்களில் முடிந்த மணிகளை விட இந்தக் கழிவுகளைத்தான் கண்ணாடிப் பெட்டியில் முன்னால் வைக்க வேண்டும். முடிந்த மணி உரிமையாளரைப் பற்றிச் சொல்லும், உடைந்த மணி செய்தவரைப் பற்றிச் சொல்லும்.

கொடுமணலுக்குப் பச்சைக்கல் வந்த இடம் காங்கேயம் பக்கத்துப் படியூர். ரோமானியர் இந்தியப் பச்சைக்கல்லுக்கு ஆசைப்பட்டதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதோடு, பளிங்குக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல் என்று விற்க இந்தியர்களுக்குத் தெரியும் என்றும் புகார் சொல்கிறார். போலி விற்பனைக்கும் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 1819-20இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் படியூரில் சுரங்கம் போட்டு இரண்டாயிரத்துக்கு மேல் கற்கள் எடுத்தார். அப்புறம் அது நின்றுபோயிற்று.

இவ்வளவு தூரம் போவானேன், உங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். ரேணிகுண்டாவைத் தாண்டிக் காளஹஸ்தி பக்கம் போனால் பாப்பாநாயுடுபேட்டை. குடிமல்லம் லிங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். ஊரைக் கவனிக்க மாட்டார்கள். உலகத்தில் மணிகளை ஆராய்கிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். அது கல் மணி அல்ல, கண்ணாடி மணி. ஆனாலும் நான் அதைச் சொல்லாமல் விட முடியாது.

பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர் வாழ்நாள் முழுவதும் மணி ஆராய்ச்சியே செய்தவர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை அகழாய்வுகளில் ஒரே மாதிரியான சின்னஞ்சிறு ஒற்றை நிறக் கண்ணாடி மணிகள் கிடைப்பதைப் பார்த்து அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். அவற்றைச் செய்த மிகப் பழைய பட்டறை ஊர்களில் முக்கியமானது புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு என்றார். அந்தப் பழைய முறை இன்னும் எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடி வந்தவர் பாப்பாநாயுடுபேட்டையில் அதைக் கண்டார். உருகிய கண்ணாடியை லாடா என்கிற பெரிய இரும்புக் குழாயின் நுனியில் திரட்டிக் கூம்பாக உருட்டுவார்கள். நடுவில் துளை விழும்படி உள்ளே ஒரு கம்பி விடுவார்கள். கூம்பை உலைக்குள் வைத்துவிட, உலையின் மறுபக்கம் நிற்கிறவர் கொக்கியால் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார். நூல் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய் வந்துகொண்டே இருக்கும். கைமாற்றிக் கைமாற்றி, நிறுத்தாமல் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இழுக்கிற வேகம் மாறினால் மணியின் கனம் மாறிவிடும். குழாயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சூடு பண்ணிக் கிளறினால் கூர் மழுங்கி உருண்டையாகும். துளை அடைபடாமல் சாம்பல் காத்துக்கொள்ளும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஓர் ஊர். திருப்பதிக்கு வருகிற லட்சக்கணக்கான பேரில் ஒருவருக்காவது தெரியுமா? இங்கே இருக்கிற உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் கல் எது? வெங்கச்சங்கல்லில் ஆரம்பிக்காதீர்கள், இரண்டே நாளில் வெறுத்துவிடும். கடப்பா கல் விற்கிற கடையில் ஓரத்தில் கிடக்கும் உடைசல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் மேடைக்குப் போடுகிற அதே கறுப்புக் கல்தான். அது சுண்ணாம்புப் பாறை, கடினம் 3 சுமார். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். 120, 220, 400, 800, 1500 என்று எண்கள் பின்னால் அச்சடித்திருக்கும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டின் மேல் தாளை விரித்து, தண்ணீர் ஊற்றி, கல்லை வட்டமாகத் தேய்க்க வேண்டியதுதான். ஒரு மாலைப்பொழுதில் கறுகறுவென்று ஒரு பதக்கக் கல் வந்துவிடும். மோதிரத்துக்கு ஆகாது, புளிக்கரைசல் பட்டாலே மெருகு போய்விடும். ஆனால் கை பழகும்.

கை பழகிய பிறகு குவார்ட்ஸ் வகைக்குப் போகலாம். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நனைத்துப் பாருங்கள். நனைந்த கல் காட்டுகிற நிறம்தான் மெருகு ஏறிய பின் நிலைக்கப்போகிற நிறம். வெயிலில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்விரிசல் உள்ள கல் கடைசி நாளன்று பிளந்துகொள்ளும், முதல் நாளில் பிளக்காது. வடிவத்தை அலுமினியக் கம்பி முனையால் வரைந்தால் தண்ணீரில் அழியாது. வைரத்தூள் பூசிய வட்டில் அறுத்துவிட்டு, ஒரு குச்சியின் நுனியில் அரக்கைச் சூடாக்கி அதில் கல்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் பத்தர்கள் காலங்காலமாக அரக்கைப் பயன்படுத்துகிறவர்கள், பக்குவம் தெரியாவிட்டால் அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலச் சாணைச் சக்கரமே குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்ததுதான். இன்று சிலிக்கான் கார்பைடு வந்துவிட்டது. 1890களில் எட்வர்ட் ஆச்சிசன் மின் உலையில் செய்து கொடுத்த பொருள் அது. மேற்கே ஞாயிற்றுக்கிழமைக் கல்வெட்டிகள் பெருகியதற்கு அந்த மலிவான பொடி ஒரு காரணம்.

சாணையில் படிப்படியாக நுண்ணிய பொடிக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வேலை ஒன்றே ஒன்று: முந்தின படி போட்ட கீறலை அழிப்பது. அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் மெருகு ஏற ஏற அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும். படி மாறும்போது கை, கல், குச்சி, தட்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முரட்டுப் பொடியில் ஒரே ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், பழையபடி முதலிலிருந்து. கடைசியில் தோல் துண்டின் மேல் சீரியம் ஆக்சைடு. கண்ணாடி வில்லைகளுக்கு மெருகு போடுகிற அதே பொடி. தேய்க்கும்போது கல் சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுட்டால் அரக்கு இளகும், சூடான கல்லில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

இதுவரை சொன்னது மேல்பக்கம் குவிந்த, பட்டை இல்லாத கல். பட்டை தீட்டுவது வேறு படிப்பு, அதில் கோணம்தான் எல்லாம். மேலே விழுந்த வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதி, திரும்பி மேலேயே வர வேண்டும். குவார்ட்ஸ் என்றால் அடிப்பட்டையின் சாய்வு 40 பாகைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும்; 43 வைப்பார்கள். 35க்கு வெட்டினால் வெளிச்சம் அடி வழியாக ஒழுகிப்போகும், கல்லின் நடுவே உங்கள் விரல் தெரியும். கடையில் கல் வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். எடை குறையக்கூடாது என்று தட்டையாக வெட்டிய கற்கள் எத்தனை என்று தெரியும்.

இந்தக் கோணத்தை எந்த அளவுகோலும் இல்லாமல் கையாலேயே பிடித்தவர்கள் திருச்சிக்காரர்கள். திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சாணை போட்டு, ஆணும் பெண்ணும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டினார்கள். 1902இல் பிரான்சில் வேதியியலாளர் வெர்னுய் தீச்சுடரில் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்த பிறகு உலகம் முழுவதும் பரவிய தொழில் இது. நம் பாட்டிமார் போட்டிருந்த சிவப்புக்கல் தோடுகளில் பல அந்த வழி வந்தவை. குறைவாக நினைக்க வேண்டாம், வேதியியலில் அதுவும் மாணிக்கமே. 1970களின் பிற்பாதியில் கியூபிக் சிர்கோனியா சந்தைக்கு வந்தது. அப்புறம் சீனாவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய கற்கள் மூட்டை மூட்டையாக இறங்கின. விலையில் கையால் போட்டிபோட முடியவில்லை. சாணைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கைகளிடம் பாடம் கேட்க ஒருவரும் போகவில்லை என்பது என் வருத்தம். இப்போதும் அங்கே பட்டை தீட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குக் கற்க விரும்புகிறவர் காணொளி பார்ப்பதை விட அவர்கள் காலடியில் ஒரு மாதம் உட்காரலாம், அதற்குரிய கூலியும் கொடுக்கலாம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். காம்பேயைப் பற்றிச் சொன்னேன். ரத்தன்பூர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வரும் கல்லைச் சூடுபடுத்திச் சிவக்க வைத்து, இரும்பு முனையில் நிறுத்தி எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டி மணியாக்கும் அந்த ஊர், தொல்லியலாளர்களுக்குப் பள்ளிக்கூடம். அதே ஊர் மருத்துவர்களுக்கும் தெரியும், சிலிக்கோசிஸ் நோய்க்காக. அகேட் கல்லை எமரிச் சக்கரத்தில் உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் போய்த் தங்குகிறது. தங்கினால் வெளியே வராது. மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும்; காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். உண்மையான காசநோயும் இதன் மேல் சுலபமாக வந்து தொற்றும். சிலிக்கோசிசைக் குணப்படுத்த மருந்து இல்லை. பட்டறை வீட்டிலேயே இருப்பதால், சக்கரத்தைத் தொடாதவர்களும் அந்தத் தூளைச் சுவாசிக்கிறார்கள்.

பொழுதுபோக்குக்காரருக்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். நமக்கு அலுத்தால் நிறுத்தலாம். தண்ணீர் சொட்டவிட்டு மெதுவாகத் தேய்க்கலாம், நேரம் ஆனால் ஆகட்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு மெதுவாகத் தேய்க்க முடியாது. சந்தையில் கொள்ளை மலிவாகக் கிடைக்கிற மெருகிட்ட கல்மாலையைப் பார்க்கும்போது, அந்த மலிவு யாருடைய மூச்சிலிருந்து கழிக்கப்பட்டது என்று கேட்கிற ஆட்கள் நமக்கு வேண்டும். ஒரே ஒரு கல்லையாவது தானே தேய்த்துப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வரும். நான் இந்தப் பொழுதுபோக்குக்கு ஆள் சேர்ப்பதற்கு அதுவே முதல் காரணம்.

ஆகவே கல் தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சேஷாசலக் காட்டில், தேசியப் பூங்கா எல்லைக்குள் ஒரு கூழாங்கல்லையும் எடுக்காதீர்கள், சட்டம் பிடிக்கும். பழைய மேட்டில் மணியோ பானை ஓடோ கண்ணில் பட்டால் பையில் போடாமல், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வீடு கட்டும் இடத்தில் கொட்டிய ஜல்லியிலும் கூழாங்கல்லிலும், கேட்டு எடுத்துக்கொள்ள, வாழ்நாளுக்குப் போதுமான கல் இருக்கிறது. டைல்ஸ் அறுக்கிற கை இயந்திரத்தை வைத்து உலர்வாகக் கல் அறுக்காதீர்கள், "ஒரு நிமிஷ வேலைதானே" என்று யார் சொன்னாலும் சரி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், முகத்தில் நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. தரையில் படிந்த கல்தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் தூங்குகிற அறையில் இந்த வேலை வேண்டாம். வாளித் தண்ணீர் இல்லாத அன்று கல்லைத் தொடவே வேண்டாம்.